100 நாள் வேலை 125 நாள் ஆகிறதா? எம்.பி. ஊருக்கு வந்தால் என்ன கேட்கணும்? திண்டிவனம், விழுப்புரம் மக்களுக்கான முழு விளக்கம்

"நூறு நாள் வேலை இனிமே நூத்தி இருபத்தஞ்சு நாளாமே?" – திண்டிவனம், மரக்காணம், வானூர் பக்கம் ஏரிக்கரையில் வேலை நடக்கிற இடங்களில் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். பதில் ஆமாம் என்றும் சொல்லலாம், அவ்வளவு சுலபமில்லை என்றும் சொல்லலாம்.

புது சட்டம் வந்தால் அதை மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் தொகுதி எம்.பி. கிராமத்துக்கு வரும்போதும், குறைதீர் கூட்டத்திலும், முகநூல் பதிவிலும் அவர் ஏதாவது சொல்வார். ஆளுங்கட்சி தரப்பு "125 நாள்" என்ற எண்ணைச் சொல்லும். எதிர்க்கட்சி தரப்பு "காந்தி பேரை எடுத்துட்டாங்க" என்று சொல்லும். ரெண்டுமே உண்மைதான். ஆனால், உங்க வீட்டுக்கு வர்ற கூலியை முடிவு பண்ணப்போறது இந்த ரெண்டும் இல்லை. காசு யார் கொடுக்கிறாங்க, எப்போ வேலையை நிறுத்துவாங்க என்று சொல்கிற பிரிவுகள்தான்.

அது என்ன, எம்.பி.யிடம் எதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என்ன சட்டம் இது?

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாக மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் இது. சுருக்கமாக 'விபி ஜி ராம் ஜி' என்று அழைக்கிறார்கள். விரித்துச் சொன்னால் விக்சித் பாரத், ரோஸ்கார், ஆஜீவிகா, கிராமின் என்று இந்திச் சொற்கள் வரிசையாக வரும். கிராமப்புற வேலைக்கும் வாழ்வாதாரத்துக்கும் உத்தரவாதம் என்பதுதான் அதன் பொருள்.

2025 டிசம்பர் 16-ம் தேதி ஊரக வளர்ச்சித் துறை அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் மக்களவையில் மசோதாவைத் தாக்கல் செய்தார். டிசம்பர் 18-ம் தேதி எதிர்க்கட்சிகளின் கடும் அமளிக்கு நடுவே மக்களவையில் நிறைவேறியது. அன்று நள்ளிரவைத் தாண்டி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. டிசம்பர் 21-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். தாக்கல் முதல் சட்டம் ஆகும் வரை ஆனது ஆறே நாட்கள்.

சட்டம் எந்தத் தேதியில் நடைமுறைக்கு வரும் என்பதை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்க வேண்டும் என்பது விதி. மாநிலத்துக்கு மாநிலம் வேறு தேதியும் அறிவிக்கலாம். நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு மாநிலமும் இதற்கான திட்டத்தை உருவாக்க வேண்டும்.

விழுப்புரத்துக்கு இது ஏன் பெரிய விஷயம்?

பழைய திட்டம் 2006 பிப்ரவரி 2-ல் தொடங்கியபோது நாடு முழுக்க 200 மாவட்டங்களில்தான் வந்தது. தமிழ்நாட்டில் முதல் கட்டத்தில் இடம்பிடித்தவை ஆறு மாவட்டங்கள்: விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை.

அதாவது, இருபது வருஷமாக இந்தத் திட்டத்தோடு வாழ்ந்த மாவட்டம் விழுப்புரம். பெரிய தொழிற்சாலைகள் குறைவு, விவசாயக் கூலி அதிகம். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். நாட்டு வேலை இல்லாத நாளில் அவர்கள் கைக்கு வந்த காசு இது.

பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்?

• நாட்கள்: ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் என்று இருந்தது, 125 நாளாகிறது.

• கூலிச் செலவு: முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசே கொடுத்தது. பொருட்களுக்கான செலவில்தான் மாநிலத்துக்கு 25 சதவீதப் பங்கு. இனி தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மொத்தச் செலவும் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பிரியும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10.

• ஒதுக்கீடு: முன்பு வேலை கேட்கிறவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் வர வேண்டும் என்பது விதி. இனி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று மத்திய அரசு முன்கூட்டியே வரையறுக்கும். அதைத் தாண்டிச் செலவானால் மாநிலத்தின் பொறுப்பு.

• நிறுத்தம்: விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வரை இந்த வேலை நடக்காது. எந்த 60 நாள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்கும்.

• வருகைப்பதிவு: விரல் ரேகை போன்ற உடல் அடையாளச் சரிபார்ப்பு சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

• மாறாதது: வேலை கேட்டு 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வேலையின்மைப் படி உண்டு. அதைக் கொடுக்க வேண்டியது மாநில அரசு.

125 நாள் நல்ல செய்திதானே?

எழுத்தில் பார்த்தால் நல்ல செய்திதான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி ரூ.336. ஒரு குடும்பம் 100 நாளும் வேலை பார்த்தால் ரூ.33,600. பழைய சட்டத்தில் இந்தக் கூலி மொத்தமும் மத்திய அரசின் பொறுப்பு.

அதே கூலியில் 125 நாள் என்றால் ரூ.42,000. புது சட்டத்தில் இதில் மத்திய அரசின் பங்கு ரூ.25,200. மாநில அரசின் பங்கு ரூ.16,800.

கவனிங்க. நாள் கூடுகிறது. ஆனால், முழு நாட்களும் வேலை பார்த்த ஒரு குடும்பத்துக்கு மத்திய அரசு கொடுக்க வேண்டிய கூலி ரூ.33,600-லிருந்து ரூ.25,200 ஆகக் குறைகிறது. மிச்சத்தை மாநில அரசு போட்டால்தான் 125 நாள் நிஜமாகும்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. 100 நாள் என்பது சட்டத்தில் இருந்த அளவு. நாடு முழுக்கச் சராசரியாக ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஆண்டுக்கு சுமார் 50 நாள்தான். நூறே முழுசாக வராத ஊரில், நூற்றி இருபத்தைந்து என்ற எண் மட்டும் எதையும் மாற்றாது. பணம் வந்தால்தான் நாள் கூடும்.

மத்திய அரசு என்ன சொல்கிறது?

மத்திய அரசின் வாதத்தையும் கேட்க வேண்டும். 2025-26 பட்ஜெட்டில் பழைய திட்டத்துக்கு ரூ.86,000 கோடி ஒதுக்கப்பட்டது. புதிய திட்டத்துக்கு ஆண்டுக்கு ரூ.1,51,282 கோடி தேவைப்படும், அதில் மத்திய அரசின் பங்கு சுமார் ரூ.95,692 கோடி என்பது அரசின் மதிப்பீடு. மாநிலமும் காசு போட்டால் பொறுப்போடு செலவு செய்யும், முறைகேடு குறையும், நீர்நிலை, சாலை போன்ற நிலையான சொத்துகள் உருவாகும் என்கிறது அரசு.

அந்த மதிப்பீட்டின்படியே பார்த்தாலும், எல்லா மாநிலங்களும் சேர்ந்து போட வேண்டிய தொகை சுமார் ரூ.55,590 கோடி. இதில் கூலிக்கான பங்கு, பழைய சட்டத்தில் மாநிலங்கள் சுமக்காத பாரம்.

உச்சவரம்பு என்றால் நடைமுறையில் என்ன ஆகும்?

இதற்கு ஓர் உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

2025 ஜனவரியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த நிதியாண்டுக்கு மத்திய அரசு 20 கோடி மனித நாட்களுக்கு ஒப்புதல் தந்திருந்தது, ஜனவரி தொடக்கத்திலேயே 23.36 கோடி மனித நாட்கள் வேலை நடந்துவிட்டது, கூலி பாக்கி ரூ.1,056 கோடி என்று அதில் சொல்லியிருந்தார். மனித நாள் என்றால் ஓர் ஆள் ஒரு நாள் பார்த்த வேலை. பிறகு மார்ச் மாதம் பாக்கி ரூ.4,034 கோடி என்று சொல்லி திமுக மாநிலம் முழுக்கப் போராட்டம் நடத்தியது. "7 கோடி மக்கள்தொகை கொண்ட தமிழ்நாட்டுக்கு ரூ.10,000 கோடிக்கு மேல் கொடுத்திருக்கிறோம்" என்ற பொருளில் மத்திய இணை அமைச்சர் மக்களவையில் பதில் சொன்னார்.

அப்போது தமிழ்நாடு "கொடுங்க" என்று கேட்க முடிந்தது. வேலை கேட்டவருக்கு வேலை, அதற்கான கூலியைக் கொடுப்பது மத்திய அரசின் கடமை என்று சட்டம் சொன்னதால் கேட்க முடிந்தது.

புது சட்டத்தில் இதே நிலைமை வந்தால்? கூடுதலாக நடந்த 3.36 கோடி மனித நாட்களை அப்போதைய கூலியான ரூ.319-ஆல் பெருக்கினால் சுமார் ரூ.1,072 கோடி. வரம்பு அதே 20 கோடி நாள் அளவில் இருந்தால், அந்த மொத்தத் தொகையும் மாநிலத்தின் தலையில். மாநிலம் தயங்கினால் என்ன நடக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஜனவரி மாதத்தோடு "இந்த வருஷ வேலை முடிஞ்சிருச்சு" என்று ஊராட்சி அலுவலகத்தில் சொல்லிவிடுவார்கள்.

60 நாள் நிறுத்தம்: விவசாயிக்கு நல்லதா, கூலிக்காரருக்குக் கெட்டதா?

"நடவுக்கு ஆள் கிடைக்கல, எல்லாரும் ஏரி வேலைக்குப் போயிட்டாங்க" என்று சிறு விவசாயிகள் சொல்வது இருபது வருஷமாகக் கேட்கும் குறை. அதில் நியாயம் இருக்கிறது. அதற்குத்தான் இந்த 60 நாள் என்கிறது மத்திய அரசு. மீதி 305 நாளில் 125 நாள் வேலை கொடுத்துவிடலாம் என்பது அதன் கணக்கு.

சிக்கல் எங்கே என்றால், திண்டிவனம் வட்டாரத்தில் எல்லா ஊருக்கும் ஒரே பட்டம் கிடையாது. மானாவாரியில் ஆடிப்பட்டத்தில் மணிலா விதைக்கிற ஊர் இருக்கு. கிணற்றுப் பாசனத்தில் மார்கழிப் பட்டத்தில் போடுகிற ஊர் இருக்கு. ஏரி நிரம்பினால் மட்டும் சம்பா நடுகிற ஊர் இருக்கு.

மரக்காணத்தைச் சுற்றிய கிராமங்களைப் பாருங்க. அங்கே உப்பளத் தொழிலாளர்கள் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு எடுக்க முடியாது. அவர்களுக்குக் கையில் காசே இல்லாத காலம் அதுதான். நெல் நடவைக் கணக்கில் வைத்து மாவட்டம் முழுவதற்கும் அந்த நேரத்தில் நிறுத்தம் அறிவித்தால், உப்பளமும் இல்லை, நூறு நாள் வேலையும் இல்லை என்றாகிவிடும்.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி வாரியாகத் தனித்தனியே காலத்தை அறிவிக்கலாம். அப்படி அறிவிப்பார்களா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்டு வாங்க வேண்டியது உள்ளூர் மக்களும் மக்கள் பிரதிநிதிகளும்.

சரி, உங்க எம்.பி. யார்?

இதிலேயே பலருக்குக் குழப்பம் உண்டு. திண்டிவனம் என்ற பெயரில் முன்பு தனி மக்களவைத் தொகுதி இருந்தது. தொகுதி மறுவரையறைக்குப் பிறகு, 2009 தேர்தல் முதல் அது இல்லை.

இப்போது திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது விழுப்புரம் (தனி) மக்களவைத் தொகுதி. 2019, 2024 இரண்டு தேர்தல்களிலும் வென்றவர் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் துரை.ரவிக்குமார்.

பக்கத்தில் இருக்கும் மயிலமும் செஞ்சியும் விழுப்புரம் மாவட்டம்தான். ஆனால், அவை ஆரணி மக்களவைத் தொகுதியில் வருகின்றன. அங்கே 2024-ல் வென்றவர் திமுகவின் எம்.எஸ்.தரணிவேந்தன். அதேபோல உளுந்தூர்பேட்டை விழுப்புரம் எம்.பி. தொகுதியில் இருந்தாலும், மாவட்டம் கள்ளக்குறிச்சி.

மாநிலங்களவைக்கும் இந்த மண்ணிலிருந்து ஓர் ஆள் போனார். திண்டிவனம் எம்.எல்.ஏ.வாக இருந்த அதிமுகவின் சி.வி.சண்முகம் 2022-ல் மாநிலங்களவைக்குத் தேர்வானார்.

இதில் அரசியலும் இருக்கிறது. விசிக 2021, 2024 தேர்தல்களில் திமுக கூட்டணியில் நின்ற கட்சி. அதனால் ரவிக்குமாரிடம் மத்திய அரசின் 60 சதவீதத்தைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது, மாநிலத்தின் 40 சதவீதத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். அதிமுக 2025 ஏப்ரலில் பாஜகவோடு மீண்டும் கூட்டணி சேர்ந்தது. அதனால் சண்முகத்திடம் மாநில அரசைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது, மத்திய அரசின் உச்சவரம்பைப் பற்றியும் கேட்க வேண்டும்.

எம்.பி. எப்படி ஓட்டுப் போட்டார் என்று பார்க்க முடியுமா?

இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை முடியாது. காரணம், குரல் வாக்கெடுப்பு. "ஆம்" என்பவர்களும் "இல்லை" என்பவர்களும் சத்தமாகச் சொல்வார்கள். எந்தக் குரல் அதிகம் என்று அவைத்தலைவர் அறிவிப்பார். யார் எந்தப் பக்கம் என்று பெயர்ப் பட்டியல் பதிவாகாது.

ஆனால், மற்றவை பதிவாகும். எம்.பி. கேட்ட கேள்வி, அதற்கு அமைச்சர் கொடுத்த எழுத்துப்பூர்வ பதில், விவாதத்தில் பேசிய பேச்சு, வருகைப்பதிவு எல்லாம் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் கிடைக்கும். போனிலேயே பார்க்கலாம்.

இன்னொன்று. தொகுதி மக்களுக்கு எம்.பி. கணக்குச் சொல்ல வேண்டும் என்று இந்தியாவில் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்கு அரசுச் செலவில் செய்திமடல் அனுப்ப வசதி உண்டு. பிரிட்டனில் குறிப்பிட்ட நாளில் உட்கார்ந்து மக்களை நேரில் சந்திப்பது பழகிப்போன வழக்கம். இங்கே அது ஒவ்வொரு எம்.பி.யின் விருப்பத்தைப் பொறுத்தது. அதனால்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

'கோரிக்கை வைத்தேன்', 'அனுமதி கிடைத்தது' – ரெண்டும் ஒண்ணா?

எம்.பி.க்கள் ஊருக்கு வந்து சொல்லும் தகவல்களை நாலு படியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. மனு கொடுத்தேன், கடிதம் எழுதினேன் – இது தொடக்கம் மட்டும்.

2. நாடாளுமன்றத்தில் கேட்டேன் – இது பதிவு. அமைச்சரின் பதிலோடு சேர்த்துக் காட்டச் சொல்லலாம்.

3. அனுமதி கிடைத்தது – காகிதத்தில் ஒப்புதல்.

4. பணம் வந்தது, வேலை தொடங்கியது – இதுதான் நம் ஊருக்கு வந்து சேர்வது.

மூணாவது படிக்கும் நாலாவது படிக்கும் எவ்வளவு தூரம் என்பது திண்டிவனத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திண்டிவனம்–நகரி ரயில் பாதை 2006-07-லேயே அனுமதி பெற்ற திட்டம். அறிவிப்பு வந்தபோது பிறந்த பிள்ளை இன்று கல்லூரி வயதை எட்டிவிட்டது.

எம்.பி. கையில் உண்மையில் என்ன அதிகாரம் இருக்கு?

பலருக்குத் தெரியாத ஒன்று 'திஷா' குழு. மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு என்பது அதன் பெயர். 2016-ல் அமைக்கப்பட்டது. தலைவர் மக்களவை எம்.பி., உறுப்பினர் செயலர் மாவட்ட ஆட்சியர். ஒரு மாவட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எம்.பி.க்கள் இருந்தால் மூத்தவர் தலைவர், மற்றவர்கள் இணைத் தலைவர்கள். மத்திய அரசின் திட்டங்கள் மாவட்டத்தில் எப்படி நடக்கின்றன என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி ஆய்வு செய்ய வேண்டும். ஊரக வேலைத் திட்டமும் இந்தக் குழு பார்க்கும் பட்டியலில் உண்டு.

அதிகாரிகளை எதிரில் உட்கார வைத்து, "இந்த ஒன்றியத்தில் எத்தனை பேர் வேலை கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், கூலி எத்தனை நாள் பாக்கி?" என்று எம்.பி. கேட்கக்கூடிய இடம் இதுதான். பொன்னாடை போட்டு, குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் போகிற சுற்றுப்பயணத்தைவிட, இந்த ஒரு கூட்டம் கூலி வேலைக்காரருக்கு அதிகம் பயன்படும்.

எம்.பி. வந்தால் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. நம்ம மாநிலத்துக்கு மத்திய அரசு வைத்த ஆண்டு வரம்பு எவ்வளவு? அதில் விழுப்புரம் மாவட்டத்துக்கு எத்தனை மனித நாள்?

2. மாநில அரசு தன் 40 சதவீதத்துக்கு பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது?

3. 60 நாள் நிறுத்தம் எங்க ஒன்றியத்துக்கு எந்த மாதம்? பயிரைப் பார்த்து முடிவு செய்ததா, மாவட்டத்துக்கே ஒரே தேதியா?

4. விரல் ரேகை பதியாத வயசானவங்களுக்கும், சிக்னல் கிடைக்காத இடத்துக்கும் என்ன மாற்று வழி?

5. கடைசியாக நடந்த திஷா கூட்டத்தில் எங்க ஊராட்சி ஒன்றியத்தைப் பற்றி என்ன பேசினீங்க? பழைய கூலி பாக்கி தீர்ந்ததா?

நீங்கள் செய்ய வேண்டியது

வேலை கேட்பதை வாய்வார்த்தையாக விடாதீர்கள். எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்கள். 15 நாள் கணக்கு அந்த ரசீதிலிருந்துதான் தொடங்கும். ரசீது இல்லை என்றால் வேலையின்மைப் படியும் இல்லை.

கிராமசபைக் கூட்டத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. உங்க ஊருக்கு விதைப்பும் அறுவடையும் எந்த மாதம் என்பதைத் தீர்மானமாக எழுதி வையுங்கள். நிறுத்தக் காலத்தை அறிவிக்கும்போது அதிகாரிகளிடம் காட்ட உங்களிடம் ஒரு காகிதம் இருக்கும்.

திண்டிவனம் நகராட்சி, மரக்காணம் பேரூராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் கவனிக்க: இது கிராம ஊராட்சிகளுக்கான சட்டம். உங்க பகுதி பேரூராட்சியோடோ நகராட்சியோடோ இணைக்கப்பட்டால் இந்த வேலையும் போய்விடும். அதையும் எம்.பி.யிடமும் எம்.எல்.ஏ.விடமும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

திட்டத்தின் பெயர் எதுவாக இருந்தாலும், வேலை கேட்ட பெண்ணுக்கு 15 நாளில் வேலை வந்ததா, வேலை பார்த்த பதினைந்து நாளில் கூலி வங்கியில் ஏறியதா என்பதுதான் கணக்கு. அடுத்த முறை எம்.பி. ஊருக்கு வரும்போது, பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.